டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பாட்டு

சென்ற ஆண்டு என் அண்ணன் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினார். எட்டு வருடம் ஓடிய வண்டி. இஞ்சினில் குறை ஏதும் இல்லை, ரேடியோவில்தான் குறை. பாடுகிறவரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. மிருதங்கம் இருக்கும் இடமே தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாலோ, கதவு 'கர்ர்' என்று உதறியது.

அண்ணன் ஒரு கடையில் விசாரித்தார். "ரேடியோ, நாலு ஸ்பீக்கர், பின்னால் ஒரு பெரிய பெட்டி, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் சார்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, அண்ணன் ஒதுக்கி வைத்திருந்த பத்தாயிரம் ரூபாயைப் போல் மூன்று மடங்கு! இந்தக் கவலையோடு அவர் என்னிடம் வந்தபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் கூட வந்தாள். காரில் உட்கார்ந்து ரேடியோவின் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "சித்தப்பா! வலது ஸ்பீக்கரை மட்டும் வைத்தால் மிருதங்கம் கேட்கிறது. இடதை மட்டும் வைத்தாலும் கேட்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் காணாமல் போகிறதே, ஏன்?"

நல்ல கேள்வி. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டாக வேண்டும். இங்கே பூஜ்யமாகிறது! இந்தக் கேள்விக்கு விடை தேடினால், காசு செலவழிக்காமலே பாதி நோயைத் தீர்த்துவிடலாம். வாருங்கள், பார்ப்போம்.

ஸ்பீக்கர் எப்படிப் பேசுகிறது?

ஸ்பீக்கர் என்று நாம் சொல்லும் ஒலிபெருக்கியில் முக்கியமான உறுப்புகள் மூன்று: ஒரு நிலைக்காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. காந்தப்புலத்தில் உள்ள சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அதன்மீது ஒரு விசை செயல்படும். மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் கூம்பு வெளியே தள்ளப்படுகிறது. எதிர்த் திசையில் பாய்ந்தால் உள்ளே இழுக்கப்படுகிறது. ரேடியோவிலிருந்து வருவது மாறுமின்னோட்டம் ஆதலால், கூம்பு முன்னும் பின்னும் அதிர்ந்து காற்றை அதிரச் செய்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் இந்த அமைப்பை 1925இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் உருவாக்கினார்கள். நூறு ஆண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை.

இப்போது இரண்டு கதவுகளிலும் உள்ள ஸ்பீக்கர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கூம்பு வெளியே தள்ளும்போது இடது கூம்பும் வெளியே தள்ள வேண்டும். அப்படித்தான் கம்பிகளை இணைக்க வேண்டும். இடது ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் கம்பிகள் மாறியிருந்தால் என்ன ஆகும்? ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் நெகிழ்வு. இரண்டும் நம் காதருகே சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும்.

அப்படியானால் எல்லா ஒலியும் அழிய வேண்டாமா? மிருதங்கத்தின் தொப்பி மட்டும் ஏன் அழிகிறது? இதற்கு விடை அலைநீளத்தில் இருக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள தடித்த ஒலியின் அலைநீளம் 340 ÷ 100 = 3.4 மீட்டர். காரின் உள் அகலமே இதில் பாதிக்கும் குறைவுதான். ஆகவே இரு பக்கத்திலிருந்தும் வரும் அலைகள் ஏறக்குறைய நேர் எதிர்நிலையிலேயே சந்திக்கின்றன. 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 6.8 சென்டிமீட்டர்தான். தலையைச் சற்று அசைத்தாலே ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும், முழுவதும் அழியாது. அதனால்தான் மெல்லிய ஒலிகள் தப்பித்தன, தடித்த ஒலிகள் மறைந்தன.

கம்பி மாறியிருக்கிறதா என்று அறிய 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று போதும். ஸ்பீக்கரை ரேடியோவிலிருந்து கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸ் முனையிலும், மைனஸை மைனஸிலும் ஒரு கணம் மட்டும் தொட வேண்டும். 'டப்' என்ற ஒலியோடு கூம்பு வெளியே வந்தால் குறியீடு சரி. நாங்கள் சோதித்தோம். ஸ்பீக்கரின் குறியீடு சரியாகவே இருந்தது. பிறகு கம்பியைத் தொடர்ந்து பார்த்தோம். இடது கதவில் யாரோ கம்பிகளை மாற்றி முறுக்கியிருந்தார்கள்! மாற்றி இணைத்ததும் மிருதங்கம் வந்துவிட்டது. செலவு: ஓர் அங்குலம் டேப்.

கதவும் ஒரு வாத்தியமே

மிருதங்கம் வந்தது, ஆனால் கதவின் உதறல் போகவில்லை. ஏன்? கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன.

முதலாவது, கதவின் உட்தகட்டில் பெரிய பெரிய துளைகள். கூம்பு முன்னால் காற்றை இறுக்கும் அதே நேரத்தில் பின்னால் நெகிழ்த்துகிறது அல்லவா? பின்பக்கத்து அலை அந்தத் துளைகள் வழியே முன்பக்கம் வந்து, முன் அலையை அழிக்கிறது. இங்கும் பலியாவது தடித்த ஒலிகளே. ஸ்பீக்கரைக் கையில் தனியாகப் பிடித்து ஒலிக்கச் செய்தால் அது கீச்சென்று கேட்பதும், ஓர் அட்டைப் பெட்டியில் துளையிட்டுப் பொருத்தினால் ஒலி கனப்பதும் இதனால்தான். துளைகளை மூடி, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்பாஞ்சு வளையம் ஒன்றை வைத்தால், கதவே ஒரு ஸ்பீக்கர் பெட்டியாகிவிடும்.

இரண்டாவது, கதவின் வெளித்தகடு மெல்லிய இரும்பு. ஸ்பீக்கரின் அதிர்வெண் தகட்டின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது தகடு தானும் பாடத் தொடங்குகிறது. இதுவே ஒத்ததிர்வு. இதை அடக்க ஒரு வழி உண்டு. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றை விளிம்பில் பிடித்து விரலால் சுண்டுங்கள். 'கிண்ண்' என்று நீண்டு ஒலிக்கும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை எடுத்துத் தட்டின் நடுவில் அழுத்தி ஒட்டிவிட்டு மீண்டும் சுண்டுங்கள். 'டக்' என்று அடங்கிவிடும். பிசுபிசுப்பான மாவு அதிர்வின் ஆற்றலை வாங்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. காரில் மாவுக்குப் பதில் பியூட்டைல் ரப்பர் தகட்டை ஒட்டுகிறார்கள். கதவு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதியில் ஒட்டினாலே பெரும் பயன் கிடைக்கும். விலை குறைவு என்று தார் பூசிய தகட்டை வாங்கினால், வெயிலில் இளகி நாற்றமடிக்கும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மழைநீர் வடிவதற்காகக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. அவற்றை மட்டும் மூடக்கூடாது. மூடினால் கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

200 வாட் என்பது உண்மையா?

கடையில் காட்டிய புது ரேடியோவின் மீது '50 வாட் × 4' என்று எழுதியிருந்தது. நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 200 வாட்! இதை நம்பலாமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

இஞ்சின் ஓடும்போது கார் மின்சுற்றின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். சாதாரண ரேடியோ தன் ஸ்பீக்கருக்கு இதற்கு மேல் தர இயலாது. ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் என்று கொண்டால், உச்சக் கணத்தில் திறன் 14.4 × 14.4 ÷ 4, அதாவது சுமார் 52 வாட். அந்த '50' எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? ஆனால் அலை எப்போதும் உச்சியிலேயே நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது. சைன் அலைக்குச் சராசரித் திறன் உச்சத்தில் பாதி, அதாவது 26 வாட். ரேடியோவுக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால், தெளிவாகக் கிடைப்பது 20 வாட்டுக்குள்தான். பழைய ரேடியோவும் இதே அளவுதான் தந்துகொண்டிருந்தது! வாங்கும்போது உச்சத் திறனைப் பாராமல், 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருக்கும் தொடர் திறனைப் பார்க்க வேண்டும்.

அந்த ரேடியோவின் பின்புறம் உள்ள ஃபியூஸும் உண்மையைச் சொல்லும். அது 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், உள்ளே போகக்கூடிய தொடர் திறனே 144 வாட். அதிலிருந்து 200 வாட் எப்படி வெளியே வரும்?

எனவே அண்ணன் ரேடியோவை மாற்றவில்லை. அதற்குப் பதில், முன் கதவுகளுக்கு மட்டும் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினோம். வாங்கும்போது நாங்கள் பார்த்தது உணர்திறன் என்ற எண்ணை. ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே உணர்திறன். திறன் இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். ஆகவே 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் ஒலியை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது, ரேடியோவின் திறனை இலவசமாக இரட்டிப்பாக்குவது போல!

அந்த ஜோடியோடு இரண்டு சிறிய ட்வீட்டர்களும் வந்தன. கீச்சு ஒலிகளுக்கான ஸ்பீக்கர் இது. இதன் கம்பியில் தொடர் இணைப்பில் ஒரு மின்தேக்கி இருக்கும். மின்தேக்கி குறைந்த அதிர்வெண்ணைத் தடுத்து, அதிக அதிர்வெண்ணை விடும். 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 4,000 ஹெர்ட்ஸில் சுமார் 4 ஓம் தடையே தரும். 100 ஹெர்ட்ஸிலோ 159 ஓம். மென்மையான ட்வீட்டரைத் தடித்த ஒலியிலிருந்து காக்கும் காவலாளி என்று இதைச் சொல்லலாம்.

ஆம்ப்ளிஃபயர் எப்போது?

தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தால் திறன் உயரும் என்பது உண்மையே. ஆனால் 20 வாட்டிலிருந்து 50 வாட்டுக்கு உயர்ந்தால் ஒலி 4 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். ஆகவே இது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. 100 வாட் ஒலித்திறன் தரும் ஆம்ப்ளிஃபயர், பாதி ஆற்றலை வெப்பமாக இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாட்டரியிலிருந்து சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள 5 மீட்டர் தாமிரக் கம்பியில் இந்த மின்னோட்டம் பாய்ந்தால், கம்பியிலேயே ஏறக்குறைய 17 வாட் வெப்பம் உண்டாகும். 8 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 2 வாட்தான். கம்பியின் மேலுறை எங்காவது உராய்ந்து காரின் இரும்பில் பட்டுவிட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், நெருப்புப் பிடிக்கும். அதனால்தான் பாட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும் என்கிறார்கள். பாட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. எனவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

இந்த வேலைகளைப் பெரியவர்களும், தெரிந்த எலக்ட்ரீசியனும் உடனிருக்கும்போதே செய்ய வேண்டும். முதலில் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். மஞ்சள் நிற இணைப்பான்கள் விபத்தில் உயிர்காக்கும் காற்றுப்பைகளுக்கு உரியவை. அவற்றை விரலாலும் தொடக்கூடாது. புது ஸ்பீக்கரின் காந்தம் கீழே இறங்கும் ஜன்னல் கண்ணாடியில் இடிக்காதா என்பதையும் முன்பே அளந்து பார்த்துவிட வேண்டும்.

காது ஒரு முறைதான் கிடைக்கும்

எல்லாம் முடிந்தபோது அண்ணனின் பத்தாயிரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் செலவாகியிருந்தது. கதவு உதறவில்லை, குரல் டப்பாவிலிருந்து வெளியே வந்துவிட்டது. அண்ணன் மகள் உற்சாகத்தில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 டெசிபலுக்கு 4 மணி; 100 டெசிபலுக்கு 15 நிமிடமே. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஸ்பீக்கர் கெட்டால் கடையில் வாங்கலாம், காது கெட்டால்? பின்னால் வரும் வண்டியின் ஹாரன் காதில் விழாமல் போவதும் ஆபத்தே. நல்ல ஒலி என்றால் பெரிய ஒலி என்று பொருளில்லை. தெளிவான ஒலியைச் சிறிதாக வைத்தே ரசிக்கலாம்.

முடிவாக உங்களுக்கு ஒரு கணக்கு. ரேடியோவின் ஒரே முனையில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் ஒருவர் இணைத்துவிட்டார். மொத்தத் தடை என்ன ஆகும்? மின்னோட்டம் எத்தனை மடங்காகும்? 4 ஓமுக்காகச் செய்யப்பட்ட அந்த ரேடியோவுக்கு என்ன நேரும்? காகிதமும் பென்சிலும் எடுங்கள். விடை கண்டுவிட்டால், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.