ஓர் ஆட்டமும் அதன் பல பதிப்புகளும்

நூல் ஒன்று மறுபதிப்புப் பெறுங்கால் அச்சுப் பிழைகள் நீங்குதலும் புதிய முகவுரை ஒன்று சேர்தலுமே பெரும்பாலும் நிகழக் காண்கிறோம். ஓர் ஆட்டத்தின் விதிநூலோ மறுபதிப்புப் பெறுங்கால் அவ்வாட்டமே வேறாகிவிடுதலும் உண்டு. விதி மாற ஆடுவோர் மனமும் எங்ஙனம் மாறுகின்றது என்பதை ஆராய்வதற்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அமெரிக்க தேசத்து ஆட்டம் சிறந்ததோர் உதாரணமாகும்.

அறியாதார் பொருட்டு அதன் இயல்பை முதற்கண் சுருங்கக் கூறுவாம். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். கதை நிகழும் உலகத்தை எடுத்துரைப்பவர் அவரே. ஏனையோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தை மேற்கொண்டு, தாம் செய்யக் கருதுவதை வாய்மொழியாகக் கூறுவர். அச்செயல் கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டி முடிவு காண்பர். சதுரங்கத்தைப்போல் ஒருவர் வெல்ல ஒருவர் தோற்பதன்று. கதை நாட்கணக்காக, சிலவிடத்து ஆண்டுக்கணக்காகவும், தொடர்ந்து செல்லும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய இவ்வாட்டத்தை, விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974-ஆம் ஆண்டில், ஒரு பெட்டியுள் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டது. அதில் பாத்திர வகைகள் மூன்றே. விதிகள் சொற்பம்; சொல்லாது விட்டவை மிகுதி. விட்ட இடத்தையெல்லாம் நடுவரின் மதியே நிரப்ப வேண்டியதாயிற்று. 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்டு' என்னும் அடைமொழியோடு மூன்று பெருநூல்கள் வெளிவந்தன. இரண்டாம் பதிப்பு 1989-இல் தோன்றிற்று. 1997-இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை விஸார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் என்னும் நிறுவனம் வாங்கியபின், மூன்றாம் பதிப்பு 2000-லும், நான்காவது 2008-லும், ஐந்தாவது 2014-லும் வந்தன. ஐந்தாம் பதிப்பின் விதிகள் 2024-இல் திருத்தப்பெற்றன.

இனி இவற்றிடையே உள்ள வேற்றுமைகளை நோக்குவோம். அவற்றுள் முதலாவது கணக்கு முறை. பழைய பதிப்புகளில் ஒருவன் அணியும் கவசம் எவ்வளவு உறுதியோ அவ்வளவுக்கு அவன் கவச எண் குறையும். இரண்டாம் பதிப்பில், கவச எண் பூஜ்யமாகவுள்ள பகைவனை அடிப்பதற்கு இருபது முகப் பகடையில் எத்தனை விழவேண்டும் என்பது ஒவ்வொரு பாத்திரத்திற்கும் குறிக்கப்பட்டிருந்தது. அது 18 என்றும் பகைவன் கவச எண் 4 என்றும் கொள்வோமாயின், 18-இல் 4 போக 14 விழவேண்டும். மூன்றாம் பதிப்போ இதனைத் தலைகீழாக்கிற்று. கவசம் உறுதிப்பட எண்ணும் ஏறும். பகடையில் விழுந்ததோடு தன் திறமை எண்ணைக் கூட்டிப் பகைவன் எண்ணை எட்டினாற் போதும். மேற்கண்ட பகைவனுக்குப் புதிய எண் 16. வீரனின் திறமை எண் 2. ஆகவே வேண்டுவது மீண்டும் 14-ஏ. இருபதில் ஏழு பங்கு வாய்ப்பு என்பது இரண்டிலும் ஒன்றே. மாறியது பயனன்று, வழியே. ஆயினும் கழித்தலினும் கூட்டல் எளிதாகலின் புதிதாய்க் கற்பவருக்கு வாயில் அகலத் திறந்தது. ஐந்தாம் பதிப்பு இன்னும் எளிமை நாடிற்று. சூழ்நிலை சாதகமாயின் இரண்டு பகடைகளை உருட்டி உயர்ந்ததைக் கொள்க. பாதகமாயின் தாழ்ந்ததைக் கொள்க என்றது. 14 வேண்டுமிடத்து நூற்றுக்கு 35 ஆகவுள்ள வாய்ப்பு, சாதகத்தில் ஏறத்தாழ 58 ஆகவும் பாதகத்தில் ஏறத்தாழ 12 ஆகவும் ஆகின்றது. சிறு சிறு எண்கள் பலவற்றைக் கூட்டியும் கழித்தும் வந்த வேலையை இவ்வொரு விதி பெரிதும் குறைத்தது.

இரண்டாவது வேற்றுமை பரிசினைப் பற்றியது. பாத்திரங்கள் அனுபவப் புள்ளிகளைச் சேர்த்தே படிப்படியாக உயர்வன. ஆதி விதிகளின்படி, மீட்டுக்கொணர்ந்த பொற்காசு ஒன்றுக்குப் புள்ளி ஒன்று வீதம் கிடைத்தது. பகைவனைக் கொல்வதால் வருவது அதனோடு ஒப்பிடச் சிறிதே. ஆகவே அக்காலத்து ஆடுவோர் போரைத் தவிர்த்து, அரவமின்றிப் புகுந்து, பொருளோடு மீளும் உபாயங்களையே நாடினர். மூன்றாம் பதிப்பில் பகைவரையும் இடையூறுகளையும் வென்றமைக்கே புள்ளி என்றாயிற்று. அதே மனிதர், அதே மேசை. எனினும் ஒளிந்து செல்வதில் இருந்த ஆசை போரிடுவதிற் சென்றது. எதனை அளந்து பரிசளிக்கின்றோமோ அதனையே மாந்தர் நாடுவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தேர்வுகளிடையே காலங்கழிக்கும் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

மூன்றாவது, மக்களைப்பற்றிய எண்ணம். 1978-ஆம் ஆண்டு நூல், பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஆண் பாத்திரத்தினும் தாழ்ந்ததோர் உச்சவரம்பு விதித்தது. மந்திர உலகில் மனிதன் பறவைநாகத்தோடு பொருவது இயலும், பெண்ணொருத்தி நிகரற்ற வலிமை பெறுவது மட்டும் இயலாது என்பது வியப்பன்றோ! இவ்விதி 1989-இல் நீக்கப்பட்டது. குள்ளர் முதலிய மனிதரல்லாத இனத்தார் பல தொழில்களில் குறித்த படிக்குமேல் உயர்தல் கூடாதென்னும் தடை 2000-இல் அகன்றது. இவ்வினங்களைச் சுட்டிவந்த 'ரேஸ்' என்னும் சொல்லே 2024-இல் கைவிடப்பட்டு 'ஸ்பீஷிஸ்' என்னும் சொல் புகுந்தது. ஆட்ட விதியெனினும், இயற்றியவர் எதனை இயல்பெனக் கருதினார் என்பதை அது மறைப்பதில்லை.

இம்மாற்றங்களெல்லாம் வளர்ச்சியே எனக் கூறிவிடலாமோ? அங்ஙனங் கூறுதற்கு நான்காம் பதிப்பின் வரலாறு இடந்தராது. எல்லாத் தொழிலினர்க்கும் ஒரே அமைப்பில் ஆற்றல்களை வகுத்து, எவரும் பின்தங்காவண்ணம் அது சமன் செய்தது. முன்பு வாள்வீசுவதன்றி வேறறியாத வீரனுக்கும் மந்திரவாதிக்கு நிகரான யுக்திகள் கிடைத்தன. நேர்த்தியான அமைப்பே. ஆயினும் எல்லாத் தொழிலும் ஒன்றுபோலாயின, கதை போய்க் கட்டத்தின்மேற் காய் நகர்த்தலே மிஞ்சிற்று எனப் பலர் குறை கூறினர். மூன்றாம் பதிப்பின் விதிகளைப் பிறரும் பயன்படுத்த முன்னரே உரிமம் வழங்கப்பட்டிருந்தமையால், பைசோ என்னும் வேறொரு நிறுவனம் 2009-இல் அவற்றைத் தழுவி 'பாத்பைண்டர்' என்னும் ஆட்டத்தை வெளியிட, பழமையை விரும்பினோர் பலர் அதன்பாற் சென்றனர். ஐந்தாம் பதிப்பை ஆக்கியோர் 2012 முதற்கொண்டே வரைவு விதிகளைப் பொதுமக்கட்கு அளித்து, ஆடிப்பார்த்து அபிப்பிராயம் கூறுமாறு வேண்டியது இப்பிளவைக் கண்டபின்னரேயாம்.

ஆகவே எப்பதிப்பு சிறந்தது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. நடுவரின் மதியை நம்புவோர்க்கு ஆதி நூல்கள் இனிக்கும். அவருடைய மனப்போக்குக்கு அஞ்சுவோர்க்குப் பின்வந்த விரிவான விதிகள் அரணாகும். விதி குறைந்தவிடத்து நடுவர் நல்லவராயிருத்தல் வேண்டும். விதி பெருகியவிடத்து நூல் நல்லதாயிருத்தல் வேண்டும். ஆட்டத்திற்கேயன்றி, சங்கம், விடுதி, நாடு ஆகிய எதற்கு விதி வகுப்பார்க்கும் இத்தராசு பொருந்தும். விதியொன்றை இயற்றுமுன், இது எதற்குப் பரிசளிக்கின்றது, யாரைத் தடுக்கின்றது, யாருடைய மதியை நம்புகின்றது என்னும் மூன்று கேள்விகளையும் நாம் கேட்டுக்கொள்ளப் பழகுவோமாயின், இவ்வாட்டத்தின் பதிப்புகளை ஒப்புநோக்கியது வீண்பொழுது ஆகாது.