சைபீரியர் என்போர் யார்?

உலகப் படத்தில் ஆசியாவின் வடபகுதியை நோக்குங்கள். மேற்கே யூரல் மலைத்தொடர், கிழக்கே பசிபிக் பெருங்கடல், வடக்கே ஆர்க்டிக் பெருங்கடல். இவற்றினிடையே பரந்து கிடப்பதே சைபீரியா. ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய இந்நிலம், ரஷ்ய நாட்டின் முக்கால் பங்காகும். இங்கு வாழ்வோரைச் 'சைபீரியர்' என்கிறோம். அவர்கள் அனைவரும் ஓர் இனத்தவரா? அல்லர். அது நிலத்தால் வந்த பெயர், இனத்தால் வந்ததன்று.

அந்நிலத்தில் மனித வாழ்வு மிகத் தொன்மையானது. இர்குட்ஸ்க் நகருக்கு அப்பால் உள்ள மால்டா என்னும் ஊரில், ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு சிறுவனின் எலும்புகள் கிடைத்தன. அமெரிக்கப் பழங்குடியினரின் முன்னோருள் ஒரு சாரார் அவன் கூட்டத்தாரோடு உறவுடையவர் என்பதை, அறிஞர்கள் மரபணு ஆய்வின் வழி 2013இல் வெளியிட்டனர்.

தொல்குடியினர் பலராவர். லேனா ஆற்றங்கரையில் குதிரையும் மாடும் வளர்க்கும் சகா மக்கள் துருக்கிய இன மொழி பேசுவர். பைக்கால் ஏரியைச் சூழ்ந்து வாழும் புரியாத்தியர் மங்கோலியருக்கு உறவினர். ஏவெங்கியர் காடுகளில் வேட்டையாடுவர். நெனெத்தியர் பனிமான் மந்தைகளோடு இடம் பெயர்ந்து வாழ்வர். ஓப் ஆற்றுப் பகுதியின் காந்தி, மான்சி மக்களுடைய மொழிகளுக்கு நெருங்கிய உறவு, தொலைவிலுள்ள ஹங்கேரி நாட்டு மொழியே! இவர்களுட் சிலரைப் பிறர் வேறு பெயரிட்டு அழைத்தனர். சகா மக்கள் 'யாக்கூட்' எனவும், ஏவெங்கியர் 'துங்குஸ்' எனவும், நெனெத்தியர் 'சமோயெத்' எனவும் ஏடுகளில் எழுதப்பட்டனர்.

1582இல் எர்மாக் என்னும் கொசாக்கியத் தலைவன், தாத்தாரியர் ஆண்ட 'சிபிர்' அரசின் தலைநகரைக் கைப்பற்றினான். அவ்வரசின் பெயரே பின்னர் நிலம் முழுமைக்கும் வழங்கலாயிற்று. 1639இல் ரஷ்யர் பசிபிக் கரையை எட்டினர். விலையுயர்ந்த விலங்குத் தோல்களைத் தொல்குடியினர் வரியாகச் செலுத்த நேர்ந்தது. புதிதாய்ப் பரவிய அம்மை நோயால் பலர் மாண்டனர்.

பின்னர் உழவரும், நாடு கடத்தப்பட்டோரும் வந்து குடியேறினர். 1891இல் தொடங்கி 1916இல் நிறைவுற்ற நெடும் இரயில் பாதை, இலட்சக்கணக்கானோரைக் கொணர்ந்தது. இன்று மக்களுட் பெரும்பாலோர் இவர்தம் வழித்தோன்றல்களே. அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களும் தம்மைச் சைபீரியர் என்கின்றனர். 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் 4,000க்கும் மேற்பட்டோர் தம் இனத்தின் பெயரையே 'சைபீரியர்' என எழுதினர்.

தொல்குடியினரின் நிலையோ கவலைக்குரியது. அதே கணக்கின்படி சகா மக்கள் நாலரை இலட்சத்திற்கும் மேற்பட்டவர். யெனிசெய் ஆற்றங்கரைக் கேத் மக்களோ ஏறத்தாழ 1,200 பேரே. சோவியத் ஆட்சியில் வடபுலத்துச் சிறுவர்கள் விடுதிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். கல்வி கிட்டியது, ஆயினும் பெற்றோரைப் பிரிந்து, ரஷ்ய மொழியிலேயே பயின்ற பலர், தாய்மொழியை மறந்தனர். பாட்டி கூறும் கதை பேரனுக்கு விளங்காத நிலை பல குடும்பங்களில் ஏற்பட்டது.

ஆகவே, மாணவர்களே, 'சைபீரியர்' என்னும் ஒரு பெயருக்குள் பல இனங்களும் பல மொழிகளும் அடங்கியுள்ளன. ஓர் இனத்தை அறிய விரும்புவோர், அவ்வினத்தார் தம்மை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். அப்பெயரும் மொழியும் நிலைத்து வாழ்வது, வீட்டில் பெற்றோர் பேச, பிள்ளைகள் கேட்டுப் பேசுவதாலேயே ஆகும்.