வெட்டாமல் விட்ட புல்தரை

நம் மருத்துவமனை முகப்பின் ஒரு மூலையில் புல்தரை சில மாதங்களாக வெட்டப்படாமல் இருப்பதைக் கண்டு, "கவனிப்பார் இல்லையா?" என்று நோயாளிகளின் உறவினர் பலர் எங்களிடம் வினவுகின்றனர். அது கவனக்குறைவன்று, கலந்து பேசி எடுத்த முடிவு.

ஒட்ட வெட்டிய புல்லில் பூ இல்லை. பூ இல்லாத இடத்தில் தேனீக்கு உணவில்லை. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் பெரும் புல்தரை 1772ஆம் ஆண்டு முதல் ஒட்ட வெட்டிப் பேணப்பட்டது. அதன் ஒரு பகுதியை 2019இல் காட்டுப்பூ வெளியாக மாற்றத் தொடங்கினர். அங்கே தாவரம், சிலந்தி, பூச்சி இனங்கள் எஞ்சிய புல்தரையைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் இருந்ததாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பூச்சியுண்ணும் வௌவால்களும் மிகுந்தன.

நோயுற்றோருக்கு இதனால் என்ன பயன்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து, 1984இல் முடிவை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர்; வீரியமிக்க வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆயினும் படுக்கையில் இருப்பவரின் கண்ணில் என்ன படுகிறது என்பதை நாங்கள் புறக்கணிப்பதில்லை.

நுரையீரல் மருத்துவர்களாகிய எங்களுக்கும் தயக்கம் இருந்தது. மகரந்தம் ஆஸ்துமாவைத் தூண்டாதா? தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் நாடும் பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் ஒட்டுந்தன்மை உடையது. காற்றில் அதிகம் பரவாது. தொல்லை தருபவை புற்களின் மகரந்தமும் பார்த்தீனியமுமே. ஆகவே பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு களைகிறோம். கதிர்விடும் புல்லை அறுத்துவிடுகிறோம். நெஞ்சக நோய்ப் பிரிவுக்குத் தொலைவான மூலையையே தேர்ந்தெடுத்தோம். எனினும் ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் செல்லும்போது இன்ஹேலரை உடன் வைத்திருங்கள்.

பாம்பு அச்சத்தைப் போக்க, நடைபாதையை ஒட்டிய புல் எப்போதும் குட்டையாக வெட்டப்படும். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில், செடியில் அன்று. எனவே அங்கே செடிகளைவிட, எறியப்படும் தேநீர்க் குவளைகளே எங்களுக்குக் கவலை தருகின்றன.

இப்போது தும்பையும் கிலுகிலுப்பையும் பூத்திருக்கின்றன. காலை வெயிலில் குழந்தைகளை அழைத்துச் சென்று வண்ணத்துப்பூச்சிகளைக் காட்டுங்கள். பாதையிலிருந்தே பாருங்கள், உள்ளே இறங்க வேண்டாம். குவளையை மறவாமல் குப்பைத்தொட்டியில் இடுங்கள்.