நெபுலைசர் வைத்தால் மட்டும் போதுமா?

பனிக்காலம் தொடங்கினால் பெங்களூரில் பல வீடுகளில் இரவுத் தூக்கம் போய்விடும். குழந்தைக்கு இளைக்கிறது என்று நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அவசரப் பிரிவில் நெபுலைசர் வைத்ததும் மூச்சு சீராகும், வீடு திரும்புவார்கள். அடுத்த சளிக்கு மறுபடியும் அதே ஓட்டம். இப்படி அடிக்கடி ஓட நேர்ந்தால், குழந்தையின் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

பெங்களூர்க் குழந்தை நல மருத்துவர் எச். பரமேஷ், தம் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட 20,000 குழந்தைகளை ஆராய்ந்தார். 1979-இல் 9 விழுக்காடாக இருந்த ஆஸ்துமா 1999-இல் 29.5 விழுக்காடாகியிருந்தது. வாகனப் புகையும் நெரிசலும் மிகுந்த பகுதிப் பிள்ளைகளிடம் பாதிப்பு கூடுதலாக இருந்ததையும் அவர் பதிவு செய்தார்.

எங்கே தவறுகிறது?

ஆஸ்துமாவுக்கு மருந்து இரண்டு வகை. இளைப்பு வந்ததும் உடனே மூச்சைத் திறப்பது ஒன்று. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைத்து, இளைப்பே வராமல் தடுப்பது மற்றொன்று. டாக்டர் தடுப்பு மருந்து எழுதியிருந்தால், குழந்தை நன்றாக இருக்கும் நாளிலும் அதைக் கொடுக்க வேண்டும். இருமல் நின்றதும் நாமே நிறுத்திவிடுவதுதான் பல குழந்தைகளை மீண்டும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறது.

'இன்ஹேலர் பழகிவிடும்' என்ற பயம் வேண்டாம். உடனே மூச்சைத் திறக்கும் மருந்தான சால்புட்டமாலை சிரப்பாக 5 மில்லி கொடுத்தால் 2 மில்லிகிராம் மருந்து உடலெங்கும் போகிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. சிறு பிள்ளைகளுக்கு இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற குழாயையும் மாஸ்க்கையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வீட்டில் கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் புகை கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூச்சிழுக்கையில் விலா ஒட்டினாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலர் கொடுத்தும் குறையாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். 'இது எப்பவும் வர்றதுதானே' என்று விடியும் வரை இருந்துவிடாதீர்கள்.

உங்கள் உரிமை

அவசர நிலையில் உயிர் காக்கும் சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்நாடகத் தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டப்படி, அவசர நேரத்தில் முன்பணம் கட்டினால்தான் சிகிச்சை என்று தனியார் மருத்துவமனை வற்புறுத்த முடியாது. பி.பி.எல். கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

மறுத்தால்?

பில், மருந்துச் சீட்டு, போன நேரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தனியார் மருத்துவமனை மீதான புகாரை, மாவட்ட துணை ஆணையர் தலைமையிலான பதிவு மற்றும் குறைதீர் ஆணையத்திடம் கொடுக்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் கர்நாடக மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். இழப்பீடு வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள்.

அடுத்த முறை அவசரப் பிரிவிலிருந்து கிளம்பும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தேவையா? இன்ஹேலரைச் சரியாகக் கொடுக்கிறேனா, பார்த்துச் சொல்வீர்களா? மறுபடி இளைத்தால் வீட்டில் என்ன செய்வது என்று எழுதித் தருவீர்களா? பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் பகல் நேர ஓ.பி.யில் குழந்தையைக் காட்டுங்கள். இளைப்பில்லாத நாளில் செய்யும் வைத்தியம்தான் நள்ளிரவு ஓட்டத்தைக் குறைக்கும்.