தோலுக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

பத்து வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். என்னை மயக்கியது இன்ஜின் அல்ல, சீட். வெளிர் பழுப்புத் தோல். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே கிண்ணத்தில் தேங்காயெண்ணெயோடு காருக்குள் உட்கார்ந்துவிட்டேன். செருப்பு விறைத்தால் எண்ணெய் தடவும் வீட்டில் வளர்ந்தவன். தோல் என்றால் எண்ணெய், அவ்வளவுதான் தெரியும்.

அன்று மாலை சீட் மினுமினுத்தது. மறுநாள் அலுவலகத்தில் என் வெள்ளைச் சட்டையின் முதுகும் மினுமினுத்தது. ஒரு மாதத்தில் தையல் ஓரமெல்லாம் கறுப்புக் கோடு. ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. திறந்து பார்த்தால் பின்சீட் மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், ஃபினிஷிங் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என் சித்தப்பா. ஊரிலிருந்து வந்தவர் சீட்டை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் போட்டியா?"

"தோல் காஞ்சுடக் கூடாதேன்னுதான் சித்தப்பா..."

"நீ தோலைத் தொட்டிருந்தாத்தானேப்பா அது குடிக்கும்? நீ தடவினது பெயின்ட் மேல."

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரை.

நம் பழைய செருப்பும், கிணற்றில் கவலை இறைத்த காலத்துத் தோல் பறியும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்டவை. மேலே பூச்சு கிடையாது. எண்ணெய் வைத்தால் நார்வரைக்கும் இறங்கும். கார் சீட் தோலின் பிறப்பே வேறு. பலவும் குரோமியம் உப்பில் பதனிட்டவை. (சென்னைக் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்.) அதற்கு வேண்டிய எண்ணெயைத் தொழிற்சாலையிலேயே, பெரிய டிரம்மில் போட்டுச் சுழற்றி ஊட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு நிறம், அதற்கும் மேல் பாலியூரித்தேன் பூச்சு. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு கனம்தான் அந்தப் பூச்சு. ஆனால் உங்கள் வியர்வையும் காபியும் ஜீன்ஸ் சாயமும் முதலில் மோதுவது அதன் மேல்தான். நான் தேய்த்த எண்ணெய் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே நின்று தூசியைப் பிடித்தது. தையல் துளைகளில் இறங்கி அழுக்கைச் சேர்த்தது. மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் சோறு போட்டது.

ஆகவே, கிளீனர், கண்டிஷனர் என்று வாங்கக் கடைக்குப் போகும்முன் உங்களிடம் இருப்பது என்னவென்று பாருங்கள். சீட்டின் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். ஊறி, இடம் கருத்தால் பூச்சில்லாத அனிலின் வகை. அது அபூர்வம், விலை உயர்ந்த கார்களில்தான் வரும். சொட்டு முத்தாக நிற்பதால் மட்டும் அது தோல் என்று ஆகிவிடாது. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது லெதரெட் எனும் செயற்கைத் தோல். தோல் சீட் என்று விற்கும் வண்டியிலும் நாம் உட்காரும் நடுப்பகுதி மட்டும் தோலாகவும், பக்கமும் பின்புறமும் ரெக்சினாகவும் இருப்பதுண்டு. கார் கம்பெனியின் கையேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். லெதரெட்டுக்கு மென்மையான கிளீனர் போதும். தோல் கண்டிஷனர் வாங்குவது வீண் செலவு.

தோல் சீட்டுக்கு முக்கியம் கிளீனர்தான். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு சுமார் 3.5 முதல் 5 வரை. குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். அடிக்கடி சோப்புப் போட்டால் பூச்சு தளரும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீர்கள். பூச்சைக் கரைத்து எடுத்துவிடும். கை சானிடைசரும் அதே ஜாதிதான். நீரில் கரைந்த, காரமில்லாத, 'பூச்சுள்ள தோலுக்கு' என்று லேபிளில் போட்ட கிளீனராகப் பாருங்கள். லெக்சால் போன்ற கம்பெனிகள் கிளீனரையும் கண்டிஷனரையும் தனித்தனிப் பாட்டிலில் விற்கின்றன. ஜெர்மனியின் கலர்லாக்கில் மிதமானது, வலுவானது என இரண்டு கிளீனர் உண்டு. மிதமானதில் தொடங்குவதே நல்லது. 'ஒன்றிலேயே இரண்டும்' என்னும் பாட்டில், அழுக்கைத் துடைக்கும்போதே அதன்மேல் ஒரு படலத்தையும் விட்டுப் போகும்.

கண்டிஷனர் சத்து மருந்து அல்ல. பூச்சுள்ள தோலில் அது செய்வது சின்ன வேலை: உரசலைக் குறைக்கும், தொட மென்மையாக்கும், சிலவற்றில் வெயிலைத் தடுக்கும் பொருளும் இருக்கும். பிசுக்கில்லாத, நீர் கலந்த குழம்பாக இருந்தால் சரி. டாஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிகான் பாலிஷை சீட்டில் அடித்தால் பிரேக் போடும்போதெல்லாம் வழுக்குவீர்கள். பூச்சு வெடித்துவிட்ட இடத்தை எந்தக் கண்டிஷனரும் ஒட்டவைக்காது. அதற்கு நிரப்பி நிறம் அடிக்கும் ஆள் வேண்டும்.

சித்தப்பா செய்து காட்டிய முறை இது. முதலில் வேக்குவம் போட்டு மண்ணை எடுத்தார்; மண் இருந்தால் தேய்க்கும்போது உப்புக் காகிதம்போல் அறுக்கும். கிளீனரை சீட்டில் ஊற்றவில்லை, மென்மையான பிரஷ்ஷில் விட்டு நுரையாக்கித் தேய்த்தார். காற்றோட்டத் துளை உள்ள சீட்டில் இது இன்னும் முக்கியம்; திரவம் உள்ளே இறங்கக் கூடாது. நுரை காயுமுன் ஈரத் துணியால் துடைத்தார். முதல் துணி தேநீர் நிறத்தில் வந்தது. நன்றாகக் காய்ந்தபின், ஐந்து ரூபாய் நாணயமளவு கண்டிஷனரைத் துணியில் எடுத்துத் தடவி, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுத்தார்.

"என்ன சித்தப்பா, பளபளப்பே போயிடுச்சு?"

"இதான்ப்பா நாங்க அடிச்ச ஃபினிஷ். மேட். நீ பார்த்த பளபளப்பு எண்ணெயும் ஆளுங்க முதுகு அழுக்கும்."

ஒரு வருடம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைக்கிறேன். முடிந்தவரை நிழலில் நிறுத்துகிறேன். கிளீனர் இரண்டாவது பாட்டில் நடக்கிறது. கண்டிஷனரோ முதல் பாட்டிலிலேயே பாதி இருக்கிறது. அன்று கிண்ணத்தில் மிஞ்சியிருந்த தேங்காயெண்ணெயைச் சித்தப்பா வீணாக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து தன் செருப்புக்குத் தடவிக்கொண்டார்.