கூரையும் கணக்குத் தலைப்பும்: மாநகராட்சிக் கட்டடங்களின் மின்செலவு

மதுரை கே.கே. நகரைச் சுற்றியுள்ள மாநகராட்சிக் கட்டடங்கள் ஒரே தன்மையின அல்ல. தல்லாகுளத்தில் உள்ள அறிஞர் அண்ணா மாளிகை பகற்பொழுதில் இயங்கும் அலுவலகம், மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் விடிய விடிய விளக்கெரியும் இடம். மாநகராட்சிப் பள்ளிகளின் வகுப்பறைகளோ பெரும்பாலும் மின்விசிறியை மட்டுமே நம்பியிருப்பவை. ஒன்றுக்குப் பொருந்தும் சிக்கன வழி மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால், எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்பதற்கு முன், எந்தக் கட்டடம் எந்நேரத்தில் எதற்காக எவ்வளவு மின்சாரம் செலவிடுகிறது என்று அறிய வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வுக்கு எரிசக்தித் தணிக்கை என்று பெயர். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் அமைக்கப்பட்ட மத்திய எரிசக்தித் திறன் பணியகம், கட்டடங்களை ஒப்பிட எளிய அளவுகோல் ஒன்றைக் கையாள்கிறது: ஆண்டு முழுவதும் செலவான யூனிட்டுகளைக் கட்டடத்தின் பரப்பால், அதாவது சதுர மீட்டர்களால், வகுத்தால் கிடைக்கும் எண் அது. ஆனால் எண் குறைவாக இருப்பதாலேயே கட்டடம் சிக்கனமானது என்று முடிவுகட்ட இயலாது. மின்விசிறி பழுதாகிக் குழந்தைகள் வியர்வையில் நனையும் வகுப்பறையிலும் அந்த எண் குறைவாகத்தான் இருக்கும்.

மதுரையைப் பொறுத்தவரை தணிக்கையாளர் முதலில் ஏறிப் பார்க்க வேண்டிய இடம் மொட்டை மாடி. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே அமைந்த இவ்வூரில், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் கதிரவன் உச்சிக்கு நேர் மேலே நிற்பதாலும், இடைப்பட்ட மாதங்களிலும் அதிலிருந்து பெரிதும் விலகாததாலும், சுவர்களைவிடக் கூரையே வெயிலை மிகுதியாக வாங்குகிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் உறிஞ்சிய வெப்பத்தைப் பிற்பகலிலும் மாலையிலும் கீழறைக்குள் விடுகிறது. அந்நேரத்தில் சுழலும் மின்விசிறி, தளத்தை ஒட்டித் தேங்கிய சூடான காற்றையே கீழே தள்ளுகிறது. மேல் மாடியில் இருப்பவர்கள் ஏசி கேட்பதற்கு இதுவே பெரிய காரணம்.

தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறை, மழைநீர்க் கசிவைத் தடுப்பதோடு வெப்பத்தையும் ஓரளவு தாமதப்படுத்தியது. வெப்பத்தைத் தாமதப்படுத்துவது வேறு, வெயிலைத் திருப்பி அனுப்புவது வேறு. வெள்ளைச் சுண்ணாம்போ, ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறப்புப் பூச்சோ இரண்டாவது வேலையைச் செய்கிறது. 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்ட தெலங்கானா நம்புவது இதைத்தான். தூசி படிந்தால் பூச்சின் பயன் குறைந்துவிடுமாதலால் கழுவுவதற்கும் மறுபூச்சுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் நிதி பராமரிப்புக்குக் கிடைப்பது அரிது.

கருவிகளின் கணக்கு இதைவிட எளிது. பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கிறது. தேய்மானத்துக்குரிய தொடுமுனைகள் இல்லாத மோட்டார் பொருத்தப்பட்ட பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு 30 வாட் அளவு போதும். ஆண்டுக்கு 2,500 மணி நேரம் ஓடினால் மிச்சம் 112 யூனிட். பேருந்து நிலையத்தில் இரவுக்கு 12 மணி நேரம் எரியும் பழைய டியூப் லைட்டை, சோக் எடுக்கும் மின்சாரத்தையும் சேர்த்து 52 வாட் எனக் கொண்டு, 20 வாட் எல்.இ.டி. விளக்காக மாற்றினால் ஆண்டு மிச்சம் 140 யூனிட். ஏசியில் ஒரு பாகை வெப்பநிலையை உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்று பணியகம் கூறுகிறது. நட்சத்திரத் தகுதி பெற்ற அறை ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 பாகையிலேயே தொடங்குமாறு அமைக்கப்படுவது அதனால்தான்.

இவ்வளவு தெளிவான ஆதாயம் கைக்கு வராமல் நழுவுவதற்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று, கணக்கேடு. மின்கட்டணம் ஒரு கணக்குத் தலைப்பில் செலவாகிறது, மின்விசிறி வேறொரு தலைப்பில் வாங்கப்படுகிறது, சுவிட்சைப் போடுபவருக்கோ இரண்டும் தெரியாது. குறைந்த விலை கேட்பவருக்கே டெண்டர் என்றால், பத்தாண்டுகளில் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் கூடுதலாக எடுக்கும் மின்விசிறியே வெல்லும்.

மத்திய மின்துறையின் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் 2009-இல் தொடங்கிய இ.இ.எஸ்.எல். நிறுவனம் இதற்கு ஒரு வழி காட்டியது: முதலீட்டை அது போடும், மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து தவணையாகத் திரும்பப் பெறும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1995 முதல் வெளியாரை நாடாமல் தனக்குள்ளேயே இதைச் செய்கிறது. நகரின் சுற்றுச்சூழல் அலுவலகம் பிற துறைகளுக்கு வட்டியில்லாமல் பணம் தருகிறது, கட்டணத்தில் மிஞ்சுவது அந்த நிதிக்கே திரும்புகிறது, அடுத்த கட்டடம் அதில் சீராகிறது. மதுரை போன்ற மாநகராட்சிக்கு இரண்டாவது வழியே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒப்பந்த வழக்குகளுக்கு அதில் இடம் குறைவு. எவ்வழியாயினும் மிச்சத்தை நிறுவ முந்தைய அளவு தேவை என்பதால், கடைகள், விளக்குகள், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குத் தனித்தனி மீட்டர் பொருத்தி, கோடையும் மழையும் அடங்கிய ஓராண்டுப் பதிவை முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.