புணே மழைக்கு மேலே பனி

புணேயில் பனி பொழிவதில்லை. தரையில் நிற்பவருக்கு அது சரிதான். ஆனால் மழைக்காலத்தில் ஊருக்கு மேலே சுமார் 5 கி.மீ. உயரத்திலேயே வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதையும் தாண்டி வளரும் மேகங்களின் தலையில் பனி உண்டு. பாஷாணில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், 2009 முதல் விமானத்தில் கருவிகளை ஏற்றி மேகங்களுக்குள்ளேயே அனுப்பி ஆராய்ந்திருக்கிறது.

அங்கே முதலில் பிறப்பது பனிப்படிகம். மேகத்துளி 0 டிகிரியிலேயே உறைந்துவிடாது. தூய நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே தாக்குப்பிடிக்கும். தக்க தூசி ஒன்று கிடைத்தால் முன்னதாகவே உறையும். உறைந்தபின் நீராவி நேரடியாக அதன்மேல் படிய, ஆறு பக்கங்களோடு வளரும். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசியும் தூணுமாக நீளும். மைனஸ் 15 அருகே ஆறு கிளை விரித்த நட்சத்திரமாகும். 1936இல் ஜப்பானின் உகிசிரோ நகாயா, முயல் முடி ஒன்றின்மேல் படிகத்தை வளர்த்து, இந்த வடிவ வேறுபாடுகளை ஆய்வுக்கூடத்திலேயே ஆராயத் தொடங்கினார்.

பனிச்செதில் என்பது பெரும்பாலும் ஒற்றைப் படிகம் அல்ல. விழும் வழியில் கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி, பத்து, நூறு என்று படிகங்கள் சேர்ந்த கொத்து அது. 0 டிகிரியை நெருங்கும்போது மேற்பரப்பு ஈரமாகி ஒட்டும் தன்மை கூடுவதால், பெரிய செதில்கள் அங்கேதான் உருவாகின்றன.

அதற்குக் கீழே உருகத் தொடங்கும் இடம் ரேடாரில் பளிச்சென்ற பட்டையாகவே தெரியும். ஈரப்படலம் போர்த்திய செதில், ரேடார் கண்ணுக்கு ஒரு பெரிய மழைத்துளி. முழுதும் உருகியதும் சுருங்கிச் சிறு துளியாகி வேகமாக விழும், பட்டையும் மங்கிவிடும். நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் மிதந்து வந்தது, அதன்பின் பல மடங்கு வேகத்தில் நம் குடைமேல் விழுகிறது.

எல்லா மழையும் இப்படி அல்ல. மகாபலேஷ்வரைச் சுற்றிய சஹ்யாத்ரி மலைகளில் உயரம் குறைந்த மேகங்கள், பனியின் உதவியே இல்லாமல், துளிகள் மோதி இணைவதாலேயே பெருமழை கொட்டும்.

கோடையில் புணேயில் விழும் ஆலங்கட்டி, படிகமும் செதிலும் போக, உறைந்த நீரின் மூன்றாவது வகை. உறையாத நீர்த்துளிகள் மோதி மோதி உறைந்ததால் வளர்ந்தது அது. கைக்கு ஒன்று கிடைத்தால் உடனே குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வெண்மையும் தெளிவுமாக மாறி மாறி அடுக்குகள் தெரியக்கூடும்.